கிளாத்தி: 'டிரிக்கர் ஃபிஷ்' என்பதற்குத் தமிழ் என்ன?

மீன்தொட்டிக் கடைகளிலும் ஆவணப்படங்களிலும் 'டிரிக்கர் ஃபிஷ்' என்று சொல்லப்படும் வண்ணமயமான பவளப்பாறை மீனுக்குத் தமிழில் கிளாத்தி என்று பெயர். கன்னியாகுமரிக் கரையில் புழங்கும் சொல் இது, மலையாளத்திலும் இதுவேதான். தடித்த தோல், அதை உரித்த பிறகே சமையல்.

ஆங்கிலப் பெயரின் கதை மீனின் முதுகில் இருக்கிறது. முன்முதுகுத் துடுப்பின் முதல் முள் நீண்டு தடித்தது. அது நிமிர்ந்ததும் பின்னாலுள்ள சிறிய இரண்டாம் முள் முட்டுக்கொடுத்துப் பூட்டிவிடும். பிறகு பெரிய முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. சின்ன முள்ளை அமுக்கினால் சட்டென்று மடங்கும். துப்பாக்கி விசை போன்ற அந்தச் சின்ன முள்ளே 'டிரிக்கர்'. பகை கண்டால் பாறை இடுக்கில் புகுந்து, மேலே முள்ளையும் கீழே இடுப்பெலும்பையும் விரித்து மீன் தன்னை ஆப்படித்துக்கொள்ளும். வெளியே இழுப்பது கடினம்.

துப்பாக்கிக்கு முந்தைய ஆயுதத்தின் பெயரும் இதற்கு உண்டு. 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பயன்படுத்திய பேரினப் பெயர் பாலிஸ்டஸ். கல்லும் அம்பும் எறியும் 'பாலிஸ்டா' என்ற போர்ப்பொறியின் பெயரிலிருந்து வந்தது. இத்தாலியர் இன்றும் 'விசைவில் மீன்' என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டைக் காவலில் சொல்லும் 'வளைவிற் பொறி' நினைவுக்கு வரலாம். அதற்காக 'விற்பொறி மீன்' என்று புதிதாக ஆக்க வேண்டியதில்லை. துப்பாக்கி விசையைக் குதிரை என்றும் சொல்வதால், 'டிரிக்கரை' நேராகப் பெயர்த்துக் 'குதிரை மீன்' என்றாலோ கடல்குதிரையோடு குழப்பம்!

ஒரு வகைக் கிளாத்திக்கு ஹவாய் மக்களின் பெயர் ஹுமுஹுமுநுகுநுகுஆபுவா. ஹுமுஹுமு என்றால் கிளாத்தி. மீதிக்குப் 'பன்றி போன்ற மூக்குடையது' என்று பொருள். 2006இல் அது ஹவாயின் நிரந்தர மாநில மீனானது.

குணத்தில் கிளாத்தி முரடு. கடல் முள்ளெலியின் மீது வாயால் நீரைப் பீய்ச்சிப் புரட்டிப் போட்டு, முள் குட்டையான அடிப்பக்கத்தைக் கடித்துத் தின்னும். கண்கள் தனித்தனியே சுழலும். வாலை அதிகம் அசைக்காமல், முதுகு, குதத் துடுப்புகளை அலையலையாக நெளித்தே நீந்தும். 75 செ.மீ. வரை வளரும் 'டைட்டன்' வகை, மணலில் பள்ளம் பறித்து முட்டையிட்ட காலத்தில் முக்குளிப்பவரையும் துரத்திக் கடிக்கும். அதன் காவல் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கிப் புனல்போல் விரிவதால், மேலே ஏறித் தப்ப முடியாது. பக்கவாட்டில்தான் விலக வேண்டும்.

குடும்பத்தில் சுமார் 40 இனங்கள். பிரித்துச் சொல்ல அடைமொழி போதும்: 'கிளவுன் டிரிக்கர்' கோமாளிக் கிளாத்தி, பல் சிவந்தது செம்பல் கிளாத்தி, 'டைட்டன்' பெருங்கிளாத்தி. 'பிகாசோ' ஆள்பெயர், ஆகவே பிகாசோ கிளாத்தி என்றே எழுதலாம்.