பிள்ளையின் பாட்டைப் பிடுங்காதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் ஆலோசனை அறைக்கு இந்த மாதம் இப்படி வந்த மூன்றாவது குடும்பம் அது. "எந்நேரமும் ஆங்கில இசை நாடகம்தான். ஒரே பாட்டைக் கேட்டுக் கேட்டு அழுகிறாள். கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டோம்" என்றார் தந்தை. மகள் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம். அவளுடைய அண்ணன் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்ற செய்தி நாற்பது நிமிடம் கழித்து, நான் தோண்டிக் கேட்ட பிறகே வந்தது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவள் கேட்டது 'நெக்ஸ்ட் டு நார்மல்' என்ற இசை நாடகம். 2009இல் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு வந்து, 2010இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசு பெற்றது. கைக்குழந்தையாக இறந்த மகனை வளர்ந்த பிள்ளையாகக் கண்ணெதிரே காணும் தாய். அவன் பெயரை வாய்விட்டுச் சொல்லாமலே காலம் தள்ளும் தந்தை. முடியும் தறுவாயில்தான் அந்தப் பெயர் அவர் வாயில் வருகிறது. இந்தப் பெண்ணின் வீட்டிலும் அண்ணன் பெயரை யாரும் சொல்வதில்லை.

"சோகத்தைப் பார்த்தால் சோகம் ஒட்டிக்கொள்ளும்" என்று எத்தனை பெற்றோர்தான் சொல்வார்கள்! இவளுக்கு அப்படி ஒட்டவில்லை. துக்கம் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. பாட்டு அதற்கு வழிவிட்டது. சாவு வீட்டில் ஒப்பாரியைப் பாட்டாகவே பாடியவர்கள் நாம். அரிச்சந்திரன் கூத்தில் சந்திரமதி மகனின் உடலைச் சுமந்து மயானத்துக்கு வரும் காட்சியைப் பார்த்து, தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை என் பாட்டி சொல்வார். கூத்து முடிந்த கையோடு தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டப் போய்விடுவாராம். இழவு வீட்டில் அழாதவரைப் பார்த்துத்தான் அன்று ஊர் கவலைப்பட்டது.

"நாடகம்தானே, ஏன் அழுகிறாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். "எந்த இடத்தில் அழுகை வந்தது?" என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டையாவது கேளுங்கள்.

பாட்டும் ஆட்டமும் இருக்கிறதே என்று, கதை தெரியாமல் இசை நாடகங்களுக்குச் சிறுபிள்ளைகளை அழைத்துப் போவதும் தவறு. 'மிஸ் சைகோன்' முடிவில் ஒரு தாய் தன்னையே சுட்டுக்கொள்கிறாள். 'டியர் எவன் ஹான்சன்' ஒரு மாணவனின் தற்கொலையைச் சுற்றி நடக்கும் கதை. அப்படியொரு சாவை அண்மையில் கண்ட வீடென்றால், இப்போதைக்கு வேண்டாம்.

பிள்ளை தூக்கத்தையும் சாப்பாட்டையும் விட்டுவிட்டாலோ, "நான் இல்லாவிட்டால் நல்லது" என்று பேசினாலோ ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். இந்த உதவித் தொலைபேசி எண்களை அழையுங்கள்: கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555. மலேசியாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை 2023இல் நீக்கிவிட்டார்கள். போலீஸுக்குப் பயந்து மறைக்க வேண்டாம்.

அந்தத் தந்தையிடம் கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். அடுத்த முறை வரும்போது மகனின் புகைப்படம் ஒன்றையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.