ஃபுட்பால் பேசுவோம், பாக்கியைப் பேசமாட்டோம்

கிழக்கு லண்டனில் ஒரு பொது நூலகத்தின் மூலையில், சிறுவர் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில், வாரத்தில் ஒருநாள் எனக்கு ஒரு மேசை உண்டு. கடனில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வது என் வேலை. ஒருவருக்கு நாற்பது நிமிடம். அதில் முதல் இருபது நிமிடம் பெரும்பாலும் வேறு எதையாவது பேசித்தான் போகும்.

அறுபதை நெருங்கும் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். (இந்தக் கட்டுரையில் வரும் யாரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மடியில் ஒரு சூப்பர்மார்க்கெட் பை. வெஸ்ட் ஹாம் அணி அப்டன் பார்க்கில் ஆடிய காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சனிக்கிழமை மதியம் கிரீன் ஸ்ட்ரீட் முழுக்க மனிதத் தலையாக இருக்குமாம். 2016இல் அணி ஸ்ட்ராட்ஃபோர்டு ஒலிம்பிக் மைதானத்துக்குப் போய்விட்டது; அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நேரம் முடிந்து, எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டே, வாசலைப் பார்த்தபடி சொன்னார்: "அப்புறம்... கொஞ்சம் கடிதங்கள் வந்திருக்கு. பெரிசா ஒண்ணுமில்லை."

பைக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட உறைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மேலே இருந்ததில் அஞ்சல்தலை இல்லை. யாரோ நேரில் வந்து கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போனது. 'பேலிஃப்' என்று ஊரே சொல்லும் ஜப்தி ஆள் வீட்டு வாசல்வரை வந்து போயிருக்கிறார்.

இந்த நாட்டில் முன்பின் தெரியாதவரிடமும் ஃபுட்பால் பேசலாம், அரசியல்வாதிகளைத் திட்டலாம், ரயிலில் எதிரே இருப்பவர் கையிலிருக்கும் புத்தகத்தைப் பற்றிக் கேட்கலாம். "உங்களுக்கு எவ்வளவு பாக்கி இருக்கிறது?" என்று மட்டும் உடன்பிறந்தவரிடம்கூடக் கேட்க மாட்டார்கள். பணக்கஷ்டத்தைச் சொல்லவும் அவர்களுக்கென்று ஒரு சங்கேத மொழி இருக்கிறது. அதைக் காது கொடுத்துக் கேட்கக் கற்றுக்கொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. "ஐ ஆம் ஸ்கின்ட்" (கையில் காசில்லை) என்று ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னால் அநேகமாகப் பயமில்லை. சம்பள நாளுக்கு முந்தைய வாரம் பாதி அலுவலகம் அதைத்தான் சொல்லும். "இந்த மாசம் எ பிட் டைட்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் வாடகை தவறியிருக்கலாம். "ஐ வில் சார்ட் இட் அவுட்" (நானே சரி பண்ணிக்கொள்கிறேன்) என்று சொல்லிப் பேச்சை மாற்றினால் கடிதங்களைப் பிரிப்பதையே நிறுத்திவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "நாட் டூ பேட்" என்பது எல்லா நிலைமைக்கும் ஒரே பதில்.

நம்மவர்கள் வேறு மாதிரி. வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் "உங்களுக்கு இங்க என்ன சம்பளம் தருவினம்?" என்று என்னையே கேட்டுவிடுவார்கள். வீடு என்ன விலை, நகை எத்தனை பவுன், எல்லாம் வெளிப்படை. ஆனால் கடன் என்று வந்தால் வெள்ளைக்காரரைவிட இரண்டு பூட்டு கூடுதலாகப் போடுகிறோம். சீட்டு எடுத்துக் கட்ட முடியாமல் போனதையும், பயண ஏஜென்ட்டுக்காக வட்டிக்கு வாங்கியதையும் கணவர் மனைவியிடம் சொல்லியிருக்கமாட்டார். கோயிலில் தெரிந்துவிடும், கல்யாணச் சம்பந்தம் கெட்டுவிடும் என்ற பயம்.

இந்த மௌனத்துக்கு விலை உண்டு, அது பவுண்டிலேயே ஏறுகிறது. என்னிடம் வருகிறவர்களில் பலர் யார் அதிகமாகத் தொலைபேசியில் தொந்தரவு செய்கிறார்களோ அவர்களுக்கே முதலில் கட்டியிருப்பார்கள். கிரெடிட் கார்டுக்காரர் தினமும் அழைப்பார். குடியிருக்கும் வீட்டுக்காக உள்ளூராட்சி வாங்கும் கவுன்சில் டாக்ஸ் வரியின் கடிதம் சத்தம் போடாமல் மேசையில் கிடக்கும். நியாயப்படி இது தலைகீழாக இருக்க வேண்டும். வாடகை, மார்ட்கேஜ் எனும் வீட்டுக் கடன், கவுன்சில் டாக்ஸ், கேஸ், மின்சாரம் ஆகியவை முதலில். அவற்றைத் தவறவிட்டால் வீடு போகலாம், இணைப்பு போகலாம், ஜப்தி ஆள் வரலாம். கிரெடிட் கார்டும் கேட்லாக் கடனும் (தவணையில் பொருள் வாங்கிய கடன்) அதற்குப் பிறகு. கவுன்சில் டாக்ஸில் ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும். அதையும் விட்டால் மீதி வருடத்துக்கான தொகை முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். அடுத்தது மாஜிஸ்திரேட் நீதிமன்ற ஆணை. அதற்கும் அடுத்தது வாசலில் ஆள். ஒவ்வொரு படியிலும் கட்டணம் கூடும். முதல் படியிலேயே ஒரு போன் பண்ணி "மாசம் இவ்வளவுதான் முடியும்" என்று சொன்னால் பெரும்பாலான கவுன்சில்கள் பேசுவார்கள்.

படிக்க வந்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. முழுநேர மாணவர்கள் மட்டுமே குடியிருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸ் கிடையாது. பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் வாங்கிக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அந்த வீட்டில் வேலைக்குப் போகும் ஒருவர் மட்டும் சேர்ந்திருந்தால் 25 சதவீதம் தள்ளுபடி கேட்கலாம். இது தெரியாமல் ஒரு பையன் பகுதிநேர வேலையில் கிடைத்ததையெல்லாம் கட்டிக்கொண்டிருந்தான். அதைப் பற்றி வகுப்புத் தோழர்களிடம் ஒருமுறை வாய் திறந்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஃபுட்பாலுக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அந்தப் பேச்சுக்குள்ளேயே சில சமயம் கடன் ஒளிந்திருக்கும். வங்கிக் கணக்கு விவரத்தை விரித்து வைத்தால் சிலருடையதில் ஆட்ட அட்டவணை தெரியும். சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு முன் 5 பவுண்ட், மூன்று மணிக்கு முன் 10, மறுபடியும் 10, ஐந்தரை ஆட்டத்துக்கு 20. ஞாயிறும் அப்படியே. வேலையிடத்தில் இது சூது என்ற பெயரில் வராது. "எ லிட்டில் ஃப்ளட்டர்" (சின்னதாய் ஒரு பந்தயம்), "என்னோட ஆக்கா ஒரே ஒரு கோலில் போச்சு" என்று கேலியும் சிரிப்புமாக வரும். ஆக்கா என்பது நாலைந்து ஆட்டங்களின் முடிவைக் கோத்துக் கட்டும் பந்தயம். ஒன்று பிசகினாலும் மொத்தமும் போய்விடும். கட்டுகிறவருக்கோ மயிரிழையில் தப்பியதுபோலவே தோன்றும், அடுத்த வாரம் மறுபடி கட்டுவார். நம் இளைஞர்கள் பலர் சக ஊழியர்களோடு ஒட்டிப் பழகுவதற்காகவே முதல் பந்தயத்தைக் கட்டுகிறார்கள். அது என்னை மிகவும் வருத்துகிறது. யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை. பேச்சில் சேர்ந்துகொள்ள அதுவே நுழைவுச்சீட்டு என்று அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது.

2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டால் சூதாடுவதற்குத் தடை வந்தது. பிரீமியர் லீக் அணிகளும் 2025-26 பருவத்தோடு சட்டை முன்பக்கத்திலிருந்து சூதாட்ட நிறுவனப் பெயர்களை எடுத்துவிடுவதாக 2023இல் ஒப்புக்கொண்டன. ஆனால் டெபிட் கார்டில் ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் எடுக்கும் வசதி) இருந்தால் அதுவும் கடன்தானே! இதில் மாட்டியவருக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இரண்டு. வங்கிச் செயலியில் சூதாட்டத் தடையை இயக்குவது ஒன்று. கேம்ஸ்டாப்பில் பதிவது மற்றது. கேம்ஸ்டாப் இலவசம், ஒருமுறை பதிந்தால் பிரிட்டனில் உரிமம் பெற்ற எல்லா இணையச் சூதாட்டத் தளங்களும் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஐந்து வருடமோ உங்களைச் சேர்க்காது. தெருமுனைப் பந்தயக் கடைகள் அதில் வராது, அவற்றுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அரசியல் பேச்சு எனக்கு இன்னும் பயனுள்ளது. 2022 செப்டம்பர் 23 அன்று வந்த மினி பட்ஜெட்டுக்குப் பிறகு மார்ட்கேஜ் வட்டி ஆறு சதவீதத்தைத் தாண்டியது. அந்த இலையுதிர் காலத்தில் என் மேசைக்கு வந்த எல்லோரும் அந்த பட்ஜெட்டின்போது பிரதமராக இருந்த லிஸ் ட்ரஸ்ஸைத் திட்டினார்கள். "நாடே திவாலாப் போச்சு" என்று கொதித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம், "உங்கள் ஃபிக்ஸ்ட் ரேட் எப்போது முடிகிறது?" என்று மெதுவாகக் கேட்டேன். குறித்த காலத்துக்கு மார்ட்கேஜ் வட்டி மாறாமல் இருக்கும் ஏற்பாடு அது. கண் கலங்கிவிட்டது. முடிந்தே இரண்டு மாதமாகியிருந்தது. தன் வீட்டுக் கணக்கைச் சொல்ல நாக்கு எழாதவர் நாட்டுக் கணக்கைப் பேசுகிறார். அதனால் யாராவது பட்ஜெட்டையோ எரிவாயு விலையையோ பற்றி அளவுக்கு மீறிக் கோபப்பட்டால் வாதம் செய்யாதீர்கள்; "உங்களுக்கு எப்படிப் போகிறது?" என்று கேட்டுப் பாருங்கள்.

அரசியல் பேசுகிறவர்கள் வாக்காளர் பட்டியலில் இருக்கிறார்களா என்றும் கேட்பேன். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை உள்ளவர்கள் பொதுநலவாய நாட்டவர். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசித்தால் நாடாளுமன்றத் தேர்தல் உட்பட வாக்களிக்கலாம். நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. பட்டியலில் பெயர் இருந்தால் கடன் மதிப்பீட்டு நிறுவனங்கள் முகவரியை அதை வைத்துச் சரிபார்க்கும். புதிதாக வந்தவரின் கடன் வரலாறு அதிலிருந்து கொஞ்சம் உருப்பெறும். நியாயமான வட்டியில் வங்கி கடன் தராதபோதுதான் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் வட்டிக்கு வாங்கப் போகிறோம். அந்த அண்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வட்டிக்குக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்ய இங்கே நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ. அமைப்பின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் கொடுத்தால் குற்றம் கொடுத்தவருடையது. வாங்கியவர் குற்றவாளி ஆகமாட்டார். உங்கள் பாஸ்போர்ட்டையோ வங்கி அட்டையையோ பிடித்து வைக்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை.

புத்தகம் பேசுகிறவர்களிடம் நான் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் வீட்டுக் கதையைச் சொல்வதுண்டு. 1824இல், ஒரு ரொட்டிக் கடைக்காரருக்குத் தரவேண்டிய 40 பவுண்ட் சொச்சத்துக்காக அவர் அப்பாவை லண்டன் மார்ஷல்சீ கடன் சிறையில் அடைத்தார்கள். பையனுக்கு 12 வயது. ஷூ பாலிஷ் தயாரிக்கும் கிடங்கில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டப் போனான். உலகமே கொண்டாடிய எழுத்தாளரான பிறகும் அந்த நாட்களைத் தன் பிள்ளைகளிடம் அவர் சொல்லவில்லை. 1870இல் அவர் இறந்து, நண்பர் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தபோதுதான் அவர்களுக்கே தெரிந்தது. கடனுக்காகச் சிறை என்பது 1869 சட்டத்தோடு பெரும்பாலும் ஒழிந்தது. வெட்கம் ஒழியவில்லை. என் மேசைக்கு வரும் பலர் இன்னமும் "என்னை ஜெயிலில் போடுவார்களா?" என்று கேட்கிறார்கள். கிரெடிட் கார்டு கடனுக்கோ தனிநபர் கடனுக்கோ யாரும் உங்களைச் சிறையில் போட முடியாது.

ஆனால் நீதிமன்றக் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்தால் வேறொன்று நடக்கும். கோரிக்கைப் படிவம் வந்து 14 நாளுக்குள் பதில் போகவில்லை என்றால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். சி.சி.ஜே. எனப்படும் அந்த நீதிமன்றத் தீர்ப்பு ஆறு வருடம் பதிவேட்டில் நிற்கும்; வீடு வாடகைக்குக் கேட்டாலும் குறுக்கே வரும். ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் பெயரை எடுத்துவிடுவார்கள். மூச்சு முட்டும் நிலையில் இருப்பவர்களுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதத்திலிருந்து 'பிரீதிங் ஸ்பேஸ்' என்றொரு ஏற்பாடு உண்டு. கடன் ஆலோசகர் வழியாக விண்ணப்பித்தால், 60 நாட்களுக்கு அதில் சேரும் கடன்களுக்கு வட்டியும் அபராதமும் ஏறாது. வசூல் நடவடிக்கையும் நிற்கும். நடப்பு வாடகையையும் பில்களையும் மட்டும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெஸ்ட் ஹாம் பெரியவருக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தோம். உறைகளைத் தேதிவாரியாக அடுக்கி ஒவ்வொன்றாகப் பிரித்தபோது பாதிக்கு மேல் ஒரே இரண்டு கடன்களின் நினைவூட்டல்கள். அவர் மனதில் நாற்பது கடனாக வளர்ந்திருந்தது மொத்தம் ஐந்துதான்.

இந்த உதவிக்குக் காசு கிடையாது. சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன் மூன்றும் இலவசம். கட்டணம் கேட்டு இணையத்தில் விளம்பரம் செய்கிறவர்களிடம் போகவேண்டிய தேவையே இல்லை. நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு தாய் தன் மகளோடு வந்தார். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், தோளில் பள்ளிப் பை. "அக்கா, எனக்கு இங்கிலிஷ் வராது. இவ வாசிச்சுச் சொல்லுவா" என்று கடிதத்தை மகளிடம் நீட்டினார். பிள்ளை வாசித்தாள், பொருட்களை ஜப்தி செய்வதைச் சொல்லும் ஒரு வரியில் நின்றாள். "இதில 'டேக்கிங் கன்ட்ரோல் ஆஃப் குட்ஸ்' எண்டு கிடக்கு. நான் ஸ்கூலால வந்து தனிய நிக்கேக்க அவை வந்தா என்ன செய்யிறது, அன்ட்டி?" அந்தக் கேள்வியோடு எத்தனை நாள் தூங்கினாளோ.

அவளுக்கே நேராகப் பதில் சொன்னேன். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் ஜப்தி ஆட்கள் வரக்கூடாது. காலை ஆறுக்கு முன்னும் இரவு ஒன்பதுக்குப் பின்னும் வரக்கூடாது. கவுன்சில் டாக்ஸுக்காக முதல்முறை வரும்போது கதவை உடைக்க முடியாது. நீ பூட்டியே வை, யார் தட்டினாலும் திறக்காதே. உள்ளே விட்டுப் பொருட்களைப் பட்டியல் எழுத அனுமதித்த பிறகுதான் நிலைமை மாறும். ஃப்ரிட்ஜ், அடுப்பு, கட்டில், படுக்கை எதையும் எடுக்க முடியாது. வெளியே கார் நின்றால் அதற்குத்தான் பூட்டுப் போடுவார்கள், அம்மாவைத் தள்ளி நிறுத்தச் சொல்லு.

பிறகு அவளைப் புத்தக அலமாரிப் பக்கம் போய் ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, ஒலிபெருக்கியில் போட்டு, மீதிக் கடிதங்களைத் தாயும் நானும் பார்த்தோம்.