ஓதம் ஏறிய சுவரைப் பேனலால் மூடாதீர்கள்

மன்னார்குடிக்கு அருகே ஒரு வீட்டுக் கூடத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் அடிக்கப்பட்ட பிவிசி பேனல்களைச் சென்ற வாரம் கழற்றினோம். பின்னால் சுவர் முழுவதும் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. பேனலை அடிக்கச் சுவரில் பொருத்தியிருந்த ரீப்பர் கட்டைகளைத் தின்ற கறையான் அங்கிருந்து வாசல் நிலை வரை ஏறியிருந்தது. மூலையில் இருந்த கான்கிரீட் தூணின் அடியில் கம்பி துருப்பிடித்து உப்பி, மேலிருந்த கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே தெரிந்தது. “ஓதம் அடிக்கிறது என்றுதானே சார் பேனல் போட்டோம்” என்று அந்த வீட்டு அம்மா கலங்கினார். இந்த ஆண்டில் நான் பார்க்கும் ஐந்தாவது வீடு இது. ஐந்திலும் காதில் விழுந்தது இதே வார்த்தைதான்.

பேனல் ஓதத்தை நிறுத்தாது. பேனலில் நீர் ஏறாது என்பது உண்மை. ஆனால் நீர் ஏறுவது சுவருக்குள். கான்கிரீட் சுவருக்கு ஓதமே வராது என்று படித்தவர்களும் என்னிடம் வாதிடுகிறார்கள். கல்லைப் போல் இறுகியிருந்தாலும் கான்கிரீட்டுக்குள்ளும் சிமென்ட் பூச்சுக்குள்ளும் நுண்துளைகள் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப் போல அவை நிலத்து நீரை மேலே இழுக்கின்றன. திறந்த சுவரில் அந்த நீர் காற்றில் உலர்ந்துவிட, அது சுமந்துவந்த உப்பு மட்டும் வெளியே வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. உப்பு கண்ணை உறுத்துகிறது என்று பேனலால் மூடினால் உலரும் வழி அடைபட்டு, இரண்டடியில் நின்ற ஓதம் நான்கடிக்கு ஏறுகிறது. பேனலின் மேல்விளிம்பில் புதிதாகப் பெயின்ட் உரிகிறதே, அது பெயின்டின் குறை அல்ல. சுவருக்குள் பதித்த சுவிட்ச் பெட்டிக்கும் அதே ஈரம்தான் போய்ச் சேருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

நம் காவிரி டெல்டாவின் வண்டல் களிமண் குடித்த நீரை எளிதில் விடுவதில்லை. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் ஜனவரி 28 வரை பாசன நீர் வரும். இடையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்கிறது. சாலையை மேன்மேலும் போட்டு உயர்த்தியதில் பேஸ்மட்டமே தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்ட வீடுகள் எத்தனையோ. வேதாரண்யம் பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீரே உப்பு. பாட்டனார் காலத்துச் சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விட்டதால் அந்தச் சுவர்கள் தாக்குப்பிடித்தன. அவற்றின்மேல் சிமென்ட் பூசுவதும் இதே தவறுதான்.

இப்போது வெளிச்சுவருக்கு வினைல் பலகை கேட்டும் வருகிறார்கள். அது மழையை முழுவதும் தடுக்கும் உறை அல்ல. இடுக்கில் புகும் நீர் கீழ்விளிம்புத் துளைகள் வழியே வடிய வேண்டும் என்றே செய்யப்பட்டது. அந்தத் துளைகளைச் சிலிகானால் அடைத்து, வேலை சுத்தமாக முடிந்தது என்கிறார்கள்! வெயிலுக்கும் குளிருக்கும் 12 அடிப் பலகை அரை அங்குலம் வரை நீண்டு சுருங்கும். ஆகவே ஆணி பலகையில் உள்ள நீள்துளையின் நடுவில், ஏறத்தாழ 1 மி.மீ. தளர்வாக நிற்க வேண்டும். இறுக்கி முறுக்கினால் சித்திரை வெயிலில் பலகை நெளிந்துவிடும்.

பேனல் கடைக்குப் போகுமுன் ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் முத்துமுத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அந்தச் சுவரில் இப்போதைக்குப் பேனல் அடிக்காதீர்கள். முதலில் கூரைநீர் சுவரடியில் விழாமல் குழாய் போடுங்கள். சுவரை ஒட்டிய மண்மேட்டையும் தொட்டிச் செடிகளையும் அகற்றுங்கள். குளியலறைக் குழாயில் கசிவு உண்டா என்று பாருங்கள். இவற்றுக்குப் பிறகும் ஈரம் ஏறினால், அடிமட்டத்தில் ஈரத்தடுப்பு செய்யத் தெரிந்த பொறியாளரை அழையுங்கள். அதன்பின் உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை உலர விட வேண்டும்; ஓர் அங்குலத் தடிமன் உலர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பது எங்கள் தொழிலில் பொதுக் கணக்கு. கிரகப்பிரவேசத்துக்கும் கல்யாணத்துக்கும் நாள் குறித்துவிட்டு வந்து பத்து நாளில் முடித்துத் தரச் சொல்லாதீர்கள். வாய்க்கால் வற்றியிருக்கும் மாசியிலேயே வேலையைத் தொடங்குங்கள். பேனல் அடிக்கும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: ரீப்பர் கட்டையில் முதல் துளை போடுமுன் அந்த பாலிதீன் தாளை நீங்களே ஒட்டி, மறுநாள் வீட்டுக்காரரை அழைத்துக் காட்டுங்கள்.