மட்டம் இழைத்தல்: லாப்பிங்குக்கு ஒரு சொல்

“ஹீட்சிங்கை நல்லா மெருகூட்டினால் பிராசஸர் சூடாகாது.” தமிழ்க் காணொளிகளில் இதை எத்தனை முறை கேட்டுவிட்டேன் என்று கணக்கே இல்லை. ஹீட்சிங்க் என்பது கணினியின் மூளையான பிராசஸரின்மேல் உட்கார்ந்து, அதன் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பாகம். போன மாதம் என் அக்கா மகன் இதை அப்படியே நம்பிவிட்டான். பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷை வாங்கிவந்து, ஹீட்சிங்கின் செம்பு அடிப்பாகத்தைப் பழைய பனியன் துணியால் ஒரு மணி நேரம் தேய்த்திருக்கிறான். “மாமா, முகம் பார்க்கலாம் இதுல” என்று கொண்டுவந்து காட்டினான். முகம் தெரிந்தது உண்மைதான். மாட்டிப் பார்த்தால், முன்பு 81 டிகிரி காட்டிய இடத்தில் இப்போது 84. பையன் உழைப்பில் குறையில்லை. சொன்ன சொல் தப்பு.

அவன் செய்திருக்க வேண்டிய வேலைக்கு ஆங்கிலத்தில் லாப்பிங் என்று பெயர். பட்டறையிலிருந்து வந்த சொல் அது. லாப் என்பது ஒரு கருவி. வேலைப்பொருளைவிட மென்மையான உலோகத் தட்டு. அதன்மேல் தேய்ப்புப் பொடியை எண்ணெயோடு தடவிப் பொருளைத் தேய்ப்பார்கள். பொடி மென்மையான தட்டில் புதைந்து நின்று, கடினமான பொருளை அறுக்கும். கருவியின் பெயரே வேலைக்கும் ஆயிற்று. உட்காரும்போது உண்டாகும் மடிக்கும், நாய் தண்ணீரை நக்குவதற்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துக்கள்தான். அதனால் ‘ஹீட்சிங்கை மடித்தல்’ என்றுகூட ஒரு மொழிபெயர்ப்பில் படிக்க நேர்ந்தது. அதை விட்டுவிடலாம், யாரும் நம்பப்போவதில்லை. ‘மெருகூட்டல்’தான் ஆபத்து. கேட்பதற்குச் சரியாக இருக்கிறது, அதனால் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

மெருகு என்றால் பளபளப்பு. லாப்பிங் தேடுவது மட்டம். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் கரண்டியை எடுத்துப் பாருங்கள். முகம் தெரியும். ஆனால் அதன் வயிறு வளைந்திருக்கிறது. அதை ஒரு தட்டையான பரப்பின்மேல் வைத்தால் ஒரு புள்ளியில்தான் தொடும். அக்கா மகன் செய்ததும் அதுதான். துணியை விரலில் சுற்றித் தேய்க்கும்போது விரலின் அழுத்தம் ஓரங்களில் அதிகமாக விழுகிறது. ஓரம் தேய்ந்து இறங்க, நடு மேடாகிவிட்டது. கண்ணாடி மாதிரி மின்னுகிற ஒரு மேடு.

மேடு பள்ளம் ஏன் இவ்வளவு முக்கியம்? செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறக்குறைய 400 வாட். காற்றுக்கு 0.026தான். இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் காற்று, வெப்பத்துக்குப் போட்ட கதவு. அதை விரட்டத்தான் தெர்மல் பேஸ்ட் என்ற வெப்பம் கடத்தும் பசையை நடுவே தடவுகிறோம். ஆனால் நல்ல பேஸ்ட்டுக்கே 10-ஐ ஒட்டித்தான் வரும். செம்போடு பார்த்தால் அதுவும் ஒரு தடைதான். ஆகவே பேஸ்ட் எவ்வளவு மெல்லியதாகப் பரவுகிறதோ அவ்வளவு நல்லது. பள்ளம் இருந்தால் பேஸ்ட் அங்கே தடித்து நிற்கும். பளபளப்பு அதைக் குறைக்காது. நல்ல மட்டமாக, மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும் ஒரு செம்புப் பரப்பு, வளைந்து மின்னும் பரப்பைவிட நன்றாக வேலை செய்யும்.

பழைய ஆட்களுக்கு இது தெரியும். 2007 ஜனவரியில் இன்டெல் கொண்டுவந்த கோர் 2 குவாட் கியூ6600 பிராசஸரை வைத்திருந்த பலர் அதன் மேல்மூடியையே தேய்த்தார்கள். செம்பு மூடி, மேலே நிக்கல் பூச்சு. கண்ணாடித் தட்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி, மூடியைக் கவிழ்த்துத் தேய்த்தால் முதலில் நான்கு மூலைகளில் செம்பு எட்டிப்பார்க்கும். நடுவில் நிக்கல் வெள்ளையாக அப்படியே நிற்கும். மூடி நடுவில் குழிந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? (எழுத்தெல்லாம் அழிந்து வாரன்ட்டியும் போய்விடும் என்பதைத் தெரிந்துதான் செய்தார்கள்.) அந்த நிக்கல் வட்டம் சுருங்கிச் சுருங்கி மறையும்வரை தேய்ப்பதுதான் வேலை. அதற்குப் பிறகு வரும் மினுமினுப்பு கொசுறு.

ஆங்கிலத்திலேயே இவை வேறு வேறு சொற்கள். கிரைண்டிங், லாப்பிங், பாலிஷிங் என்று பட்டறையில் மூன்று படிகள் உண்டு. ஸ்வீடன்காரர் கார்ல் எட்வர்ட் யோஹான்சன் 1896 வாக்கில் யோசித்து உருவாக்கிய கேஜ் பிளாக்குகளை, அதாவது நீளத்தைத் துல்லியமாக அளக்க உதவும் கட்டைகளை, நினைத்துப் பாருங்கள். தையல் மெஷின் ஒன்றை மாற்றியமைத்து, வீட்டிலேயே அவற்றைத் தேய்த்தவர் அவர். இரண்டு கட்டைகளை அழுத்தித் திருகினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு மட்டம். அதைப் போய் ‘மெருகூட்டிய கட்டைகள்’ என்று எழுதினால் அந்த மனிதரின் உழைப்பு எங்கே போயிற்று? நம் மொழிபெயர்ப்பாளர்கள் மூன்று படிகளையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிட்டார்கள். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுக்கிறார்கள். அந்த வேலையைச் செய்கிற கையை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? சாணை பிடித்தல் என்றால் விளிம்பு கூர்மையாகும். பட்டை தீட்டுதல் கல்லுக்கு முகங்கள் வெட்டுவது. துலக்குதல் அழுக்கைப் போக்குவது. எல்லாம் நல்ல சொற்கள், ஆனால் இங்கே பொருந்தாது. நமக்கு ஏற்கெனவே ‘இழைத்தல்’ இருக்கிறது. தச்சர் இழைப்புளியால் பலகையை இழைக்கிறார். மேடு போய்ப் பலகை சமமாகிறது. கல்லில் தண்ணீர் தெளித்துச் சந்தனக் கட்டையை வட்டமாகச் சுற்றி இழைக்கிறோம். கட்டையின் முகம் கல்லின் முகத்தோடு படிந்துவிடுகிறது. ஈரம், வட்டச் சுற்று, தேய்கிற பரப்பு என்று லாப்பிங்கின் கைவேலை முழுவதும் அந்தச் சந்தனக்கல்லில் இருக்கிறது. எதற்காக இழைக்கிறோம் என்பது தெரிய, முன்னால் ‘மட்டம்’ சேர்த்துக்கொள்ளலாம். மட்டம் இழைத்தல். கொத்தனாரின் ரசமட்டத்தில் இருக்கிற அதே மட்டம்.

தட்டில் பொடி தூவாமல் தாளில் ஒட்டிய பொடியால் தேய்ப்பது உண்மையான லாப்பிங்கே இல்லை என்று சிலர் சொல்வார்கள். பட்டறைக் கணக்குப்படி அவர்கள் சொல்வது சரிதான். இழைத்தல் என்ற சொல்லுக்கு அந்தச் சிக்கலும் இல்லை, இரண்டையும் தாங்கும்.

அக்கா மகனை மறுபடி உட்கார வைத்தேன். தடிமனான கண்ணாடித் துண்டு, 400, 600, 1000 நம்பர் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; நம்பர் ஏற ஏறப் பொடி நைசாகும்), ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்த தண்ணீர். ஃபேனைக் கழற்றிவிட்டு, செம்பின்மேல் மார்க்கரால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடச் சொன்னேன். நான்கு இழுப்பு இழைத்ததுமே நடுவில் கோடு அழிந்துவிட்டது, ஓரங்களில் கறுப்பு அப்படியே இருந்தது. “இதுதான் நீ போட்ட மெருகு” என்றேன். கோடு எல்லா இடத்திலும் ஒன்றாக அழியும்வரை, பத்து இழுப்புக்கு ஒருமுறை கால் சுற்றுத் திருப்பி இழைத்தான். கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டினால் 77 டிகிரி. முகம் தெரியவில்லை.

எப்போதும் மட்டம்தான் வேண்டும் என்பதும் இல்லை. நாக்டுவா நிறுவனம் 2024-இல் என்ஹெச்-டி15 ஜி2 என்ற கூலரை (ஃபேனோடு வரும் ஹீட்சிங்கை) மூன்று வகையாகக் கொண்டுவந்தது. அடிப்பாகம் எவ்வளவு புடைத்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம். குழிந்த மூடிக்குப் புடைத்த அடி சரியாகப் போய் உட்காரும். இதை ‘மெருகு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவது? ‘மட்டம் இழைக்காதே, இதற்குப் புடைப்பு வேண்டும்’ என்றால் உடனே புரிகிறது.

ஹீட்சிங்குக்கு ‘வெப்பத் தொட்டி’ என்று எழுதுவதும் எனக்கு ஒப்பவில்லை. தொட்டி தேக்கி வைக்கும். இது வாங்கித் தகடுகளின் வழியே காற்றில் விடுகிறது, நிறுத்தி வைப்பதில்லை. வெப்ப வடிகால் என்றால் பொருந்தும். இங்கே பிராசஸர் என்றே எழுதியதற்கும் காரணம் உண்டு. செயலி என்ற நல்ல சொல் இருந்தது. பத்திரிகைகள் அதைக் கைபேசி ஆப்புக்குக் கொடுத்துவிட்டன. இப்போது ‘செயலி சூடாகிறது’ என்றால் எந்தச் செயலி என்று கேட்கிறார்கள். நுண்செயலி என்று முழுதாக எழுதினால் குழப்பம் இருக்காது. அடுத்த முறை அப்படியே எழுதுகிறேன்.