எங்கள் ஊர் பஸ்ஸைப் பற்றிப் பாராளுமன்றத்தில் கேட்பிப்பது எப்படி?

இலங்கையின் கிழக்கில், வெல்லாவெளிக்கு மாலை பஸ் நின்றுபோனாலும் சரி, பொத்துவிலில் இருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டாலும் சரி, ஊரில் முதலில் எழும் பேச்சு ஒன்றுதான்: “எம்.பி.யிட்டச் சொல்லி பாராளுமன்றத்தில கேக்கச் சொல்லுங்க.” சொல்லலாம். ஆனால் எம்.பி. சபையில் பேசுவதும் வினா எழுப்புவதும் ஒரே காரியம் அல்ல. பேச்சு அடுத்த நாள் பத்திரிகையில் வரும், முகநூலில் ஓடும், அதோடு முடியும். வினாவோ எழுத்தில் அமைச்சுக்குப் போகிறது. அமைச்சு அதற்குப் பதில் தயாரிக்க வேண்டும், அமைச்சர் அதைச் சபைக்கு அறிவிக்க வேண்டும், பதில் பாராளுமன்ற நடவடிக்கைகளின் உத்தியோகபூர்வ அறிக்கையான ஹன்சார்ட்டில் பதிவாகிறது. பஸ் பிரச்சினை உள்ளவர்களுக்குப் பயன்படுவது இந்த இரண்டாவது வழிதான்.

மட்டக்களப்புத் தேர்தல் மாவட்டத்துக்கு 5 உறுப்பினர்கள். அம்பாறை மாவட்டத்துக்கு, தேர்தல் கணக்கில் திகாமடுல்ல என்ற பெயரில், 7 பேர். தேசியப் பட்டியலில் வருகிறவர்கள் வேறு. உங்கள் தொகுதிக்காரர்தான் கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நீங்கள் வாக்குப் போட்ட கட்சியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆளும் கட்சிப் பின்வரிசை உறுப்பினரும் அமைச்சரிடம் கேட்கலாம். சில வேளைகளில் அவர்தான் வேகமாகப் பதில் வாங்குவார். இதை ஏனோ எங்கள் ஆட்கள் யோசிப்பதே இல்லை.

வினாவை எழுதுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அந்த பஸ் யாருடையது? பெரும்பாலான கேள்விகள் வீணாவது இந்த இடத்தில்தான்.

சிவப்பு பஸ் என்றால் இலங்கை போக்குவரத்துச் சபை (இ.போ.ச.). 1958 ஜனவரி 1 இல் தனியார் பஸ் கம்பனிகளை அரசு எடுத்துத் தொடங்கிய சபை, பல தடவை உடைந்து ஒட்டி, இப்போது 2005 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. கல்முனை, அக்கரைப்பற்று, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை என்று எங்கள் பக்கத்தில் இருக்கும் டிப்போக்கள், கடிதங்களில் “சாலை” என்று எழுதப்படுபவை, எல்லாம் அதற்குக் கீழே. இது மத்திய அரசின் நிறுவனம். போக்குவரத்து அமைச்சர் “எனக்குத் தெரியாது” என்று நழுவ முடியாது.

தனியார் பஸ்ஸில்தான் கதை இரண்டாகப் பிரிகிறது. மாகாண எல்லையைத் தாண்டும் பஸ்களுக்கு, அதாவது மட்டக்களப்பில் இருந்து பொலன்னறுவை, பதுளை, யாழ்ப்பாணம், கொழும்புக்கோ, அம்பாறையில் இருந்து மொனராகலைக்கோ போகிறவற்றுக்கு, அனுமதிப்பத்திரம் கொடுப்பது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. 1991 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அதுவும் மத்திய அரசுதான். மாகாணத்துக்குள்ளேயே ஓடும் தனியார் பஸ் அப்படி இல்லை. அக்கரைப்பற்றில் இருந்து திருகோணமலை வரை எத்தனை மணித்தியாலம் ஓடினாலும், கிழக்கு மாகாணத்தை விட்டு வெளியே போகாததால் அது மாகாணத்தின் வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைக்குரியது. அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தம் இந்த விடயத்தை மாகாண சபைப் பட்டியலில் வைத்தது.

இங்கேதான் சிக்கல். மாகாணத்துக்குரிய பஸ்ஸைப் பற்றி மாகாண சபையில் கேட்க வேண்டும். ஆனால் சபை இல்லை. 2012 செப்டெம்பரில் தெரிவான கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நிர்வாகத்தை நடத்துகிறார்கள். மட்டக்களப்பு–கல்முனை வழித்தடத்தில் ஓடும் தனியார் பஸ்ஸின் நேர அட்டவணையைப் பற்றி, மக்கள் தெரிவுசெய்த ஒருவர் எழுந்து நின்று கேட்கவும் இன்னொருவர் எழுந்து நின்று பதில் சொல்லவும் ஒரு மண்டபம் இத்தனை வருடமாக எங்களுக்கு இல்லை. அதைப் பாராளுமன்றத்தில் கேட்டால், “இது மாகாண சபைக்குரிய விடயம்” என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரக்கூடும். சட்டப்படி அந்த வரியில் பிழை இல்லை. பயணிக்குத்தான் பிரயோசனம் இல்லை.

ஆனால் சுற்றுவழி உண்டு. தனியார் பஸ்ஸைப் பற்றி நேரே கேட்காமல், அதே வழித்தடத்தில் மத்திய அரசு செய்ய வேண்டியதைக் கேட்கலாம். அந்தப் பாதையில் இ.போ.ச. பஸ் ஏன் இல்லை? பாடசாலைப் பிள்ளைகளுக்கான “சிசு செரிய” சேவை அங்கே ஓடுகிறதா? வருமானம் இல்லாத கிராமப் பாதைகளுக்கான “கெமி செரிய”, இரவு நேரத்துக்கான “நிசி செரிய” ஆகியவற்றில் இந்த மாவட்டத்துக்கு எத்தனை? இவற்றுக்குப் பணம் கொடுப்பது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. லாபம் இல்லாத பாதையில் பஸ் ஓட்டுவதற்கும் மாணவர் பருவகாலச் சீட்டுக்கும் இ.போ.ச.வுக்குத் திறைசேரியில் இருந்து நிதி போகிறது. “நட்டம், அதனால் நிறுத்தினோம்” என்று டிப்போவில் சொல்வார்கள். அந்த நட்டத்தை ஈடுசெய்யத்தானே வரவுசெலவுத் திட்டத்தில் காசு ஒதுக்குகிறார்கள்! அந்தக் காசில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு எவ்வளவு வந்தது என்று கேட்கும் வினாவுக்கு மாகாண சபை என்ற சாட்டு செல்லாது.

வீதியும் இப்படித்தான். கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையில் கிட்டங்கித் தாம்போதியின் மேலால் வெள்ளம் பாய்ந்து பஸ் நின்றால், அதற்கு டிப்போவைத் திட்டிப் பயனில்லை. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு; சி, டி தரம் மாகாணத்தின் பொறுப்பு; ஊர் உள்வீதிகள் பிரதேச சபை, நகர சபை, மாநகர சபையின் பொறுப்பு. எந்தத் தரம் என்று பிரதேச செயலகத்தில் விசாரித்த பிறகு எழுதுங்கள். மண்முனையில் 2014 இல் பாலம் திறந்ததும் அங்கே ‘பாதை’ என்னும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடக்கும் காலம் போனது; குருமண்வெளிக்காரரும் மண்டூர்க்காரரும் தங்கள் படகுத் துறையைப் பற்றிக் கேட்பதானால் அது போக்குவரத்துக் கேள்வியை விட வீதி, பாலக் கேள்வி. பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை இல்லை என்பதை 225 பேர் சபைக்குக் கொண்டுபோகவே தேவையில்லை. அது உள்ளூராட்சி சபைக் காரியம். 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு பெரும்பாலான ஊர்களில் சபை இருக்கிறது. கல்முனை மாநகர சபை மட்டும் வழக்குக் காரணமாக அன்றைய தேர்தலில் சேரவில்லை.

இனி, வினா எப்படிப் போகிறது என்பது. உறுப்பினர் அதை எழுத்தில் பாராளுமன்றச் செயலாளர் நாயகத்திடம் ஒப்படைக்கிறார். வாய்மூல விடை வேண்டுமென்றால் நட்சத்திரக் குறி போட்டுக் கொடுப்பார். குறி இல்லாவிட்டால் எழுத்து மூல விடை. பாராளுமன்ற நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, இலக்கம் போட்டு, அன்றைய நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் சேர்ப்பார்கள். அமைச்சுக்குப் போன வினா அங்கிருந்து இ.போ.ச. தலைமையகம், பிராந்திய அலுவலகம், கடைசியில் டிப்போ என்று கீழே இறங்கும். தகவல் அதே படியில் மேலே ஏறும். கொழும்பில் கேட்ட கேள்வியால் களுவாஞ்சிக்குடி டிப்போவில் ஒருவர் பதிவேட்டைத் திறந்து எண்ணத் தொடங்குகிறாரே, என்னைக் கேட்டால் வினாவின் பாதிப் பலன் அதில்தான் இருக்கிறது. சபையில் பதில் வருவதற்கு முன்பே நின்ற பஸ் ஓடத் தொடங்கினால் ஆச்சரியப்படத் தேவையில்லை.

சபை அமரும் நாட்களில் வாய்மூல விடைக்கான வினாக்களுக்குக் காலை 10 மணியில் இருந்து ஒரு மணித்தியாலம் ஒதுக்கப்படுகிறது. அமைச்சர் பதில் சொன்ன பிறகு கேட்டவர் எழுந்து மேலதிகக் கேள்வி கேட்கலாம். எழுத்து மூலத்தில் இந்த வாய்ப்பு இல்லை. ஆனாலும் எண்ணிக்கைகள் நிறைய வேண்டுமென்றால் எழுத்து மூலம்தான் நல்லது. அமைச்சரை மடக்கிப் பிடிக்க வேண்டுமென்றால் வாய்மூலம். அமைச்சர் “பதிலளிக்க இரண்டு வார அவகாசம் தாருங்கள்” என்று சொல்வதும், நீண்ட பதிலை வாசிக்காமல் சபாபீடத்தில் வைத்துவிட்டுப் போவதும் அடிக்கடி நடக்கிறவை. அதனால் வினா முடிந்தது என்று நினைக்கக் கூடாது. இதற்குப் புறம்பாக, கட்சித் தலைவர்கள் அவசரமான பொது விடயங்களை எழுப்ப நிலையியற் கட்டளை 27(2) இருக்கிறது. ஒரு மாவட்டமே ஸ்தம்பித்து நிற்கும் வேலைநிறுத்தத்துக்கு அது பொருந்தும், ஒற்றைப் பாதையின் பஸ்ஸுக்குப் பொருந்தாது.

வினாவின் மொழிநடை உங்களுக்குப் பழகினால் எம்.பி.யின் செயலாளருக்கு வேலை குறையும், உங்கள் கடிதம் குப்பைக்குப் போகாது. உதாரணத்துக்கு ஒன்றை எழுதிக் காட்டுகிறேன். எந்த டிப்போ மீதும் குற்றச்சாட்டு இல்லை, மாதிரி மட்டும்:

“(அ) (i) இலங்கை போக்குவரத்துச் சபையின் களுவாஞ்சிக்குடி சாலையில் இருந்து பட்டிருப்புப் பாலம் ஊடாக வெல்லாவெளி வரை அங்கீகரிக்கப்பட்ட பஸ் பயணங்கள் நாளொன்றுக்கு எத்தனை, (ii) கடந்த ஆறு மாதங்களில் அவற்றில் இடம்பெறாத பயணங்கள் மாதவாரியாக எத்தனை, (iii) அதற்கான காரணங்கள் யாவை, (iv) மேற்படி சாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட சாரதிகள், நடத்துநர்களின் எண்ணிக்கையும் தற்போது கடமையில் உள்ளவர்களின் எண்ணிக்கையும் வெவ்வேறாக யாது, என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (ஆ) இடம்பெறாத பயணங்களை மீள ஆரம்பிக்கும் திகதியை அவர் குறிப்பிடுவாரா? (இ) இன்றேல், ஏன்?”

அந்தக் கடைசி “இன்றேல், ஏன்?” எங்கள் பாராளுமன்ற வினாக்களின் வழமையான வால். சின்னதுதான், ஆனால் அமைச்சர் “இல்லை” என்று மட்டும் சொல்லி உட்கார முடியாது. மேலே உள்ளதில் “மக்கள் படும் அவலம்”, “பாராமுகம்” எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாதம், குற்றச்சாட்டு, ஊகம், நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு இவற்றைச் சுமந்து வரும் வினா ஏற்கப்படாமல் போகலாம். பதிவேட்டைப் பார்த்துப் பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். அவலத்தை மேலதிகக் கேள்வியின் போது எம்.பி. சேர்த்துக்கொள்வார், அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

கட்டணத்தைப் பற்றிக் கேட்பதானால் கொள்கையைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். 2002 முதல் ஒரு தேசிய பஸ் கட்டணக் கொள்கை இருக்கிறது. எரிபொருள் உட்படப் 12 செலவுக் காரணிகளைக் கணக்கிட்டு ஆண்டுக்கு ஒரு தடவை, ஜூலை 1 ஐ ஒட்டி, கட்டணம் திருத்தப்படும். “கட்டணத்தைக் குறைப்பாரா?” என்ற வினாவுக்கு “கொள்கைப்படி திருத்துவோம்” என்பதைத் தவிர வேறு பதில் வராது. “இம்முறை கணக்கிட்டபோது எந்தக் காரணி எவ்வளவு மாறியது?” என்று கேட்டால் வேறு மாதிரிப் பதில் வரும்.

கையில் தகவல் இல்லாமல் எம்.பி.யிடம் போகாதீர்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இ.போ.ச.விடமோ, ஆணைக்குழுவிடமோ, மாகாண அதிகார சபையிடமோ நீங்களே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. பாராளுமன்றத்தில் வாயில்லாத அந்த மாகாண பஸ்களுக்கு உண்மையில் இதுதான் பலமான ஆயுதம். தமிழிலேயே எழுதுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி என்று அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை சொல்கிறது. அட்டவணை, அனுமதிப்பத்திர நிபந்தனை என்று ஏதாவது ஒரு கடதாசி கிடைத்தால், அதன் பிரதியையும் நீங்கள் குறித்து வைத்த, பஸ் வராத திகதிகளையும் இணைத்து எம்.பி.யின் அலுவலகத்தில் கொடுங்கள். மாகாணங்களுக்கு இடையிலான தனியார் பஸ் முறைப்பாட்டுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கத்தை அழைக்கலாம். அழைத்த திகதியையும் எழுதி வையுங்கள்; அதுவும் வினாவுக்குள் வரலாம்.

இன்னும் இரண்டு கதவுகள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு எம்.பி.க்களும் திணைக்கள அதிகாரிகளும் ஒன்றாக வருவார்கள், மாகாண அதிகாரிகள் உட்பட. காலை 6.30 பஸ்ஸை 6.10 ஆக்கச் சொல்வது போன்ற காரியம் அங்கே ஒரு நாளில் முடியும், பாராளுமன்றத்தில் மாதக்கணக்காகும். தனிப்பட்ட அநியாயம், உதாரணமாக ஓய்வுபெற்ற நடத்துநருக்கு வர வேண்டிய கொடுப்பனவு வராதது என்றால், அதை வினாவாக்காமல் எம்.பி. ஊடாகப் பொது மனுவாகச் சமர்ப்பிக்கலாம். பொது மனுக்கள் பற்றிய குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும்.

பதில் வந்ததா என்று பார்க்கப் பாராளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்ட் இருக்கிறது. அமைச்சர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியில்தான் பதில் அச்சாகியிருக்கும், பெரும்பாலும் சிங்களம். சபாபீடத்தில் வைத்த பதிலின் பிரதியை எம்.பி.யின் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துக்கொள்ளுங்கள். அதில் திகதி ஒன்று சொல்லப்பட்டிருந்தால், அந்தத் திகதி கடந்ததும் அதையே மேற்கோள் காட்டி அடுத்த வினா போகலாம். பணம் ஒதுக்கச் சொல்லும் கோரிக்கையாக இருந்தால், வழமையாக ஆண்டின் இறுதியில் நடக்கும் வரவுசெலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் போக்குவரத்து அமைச்சின் செலவினத் தலைப்பு எடுக்கப்படும் நாளுக்கு முன் எம்.பி.யின் கையில் கொடுத்துவிட வேண்டும். செப்டெம்பரில் கொடுப்பது நல்லது.