"அவுக மொகம் மறந்துருமா டாக்டரம்மா?"

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த அம்மா கேட்ட முதல் கேள்வி இது. (நான் டாக்டர் இல்லை, உளவியலாளர். சொன்னாலும் மதுரையில் யாரும் விடுவதில்லை.) நான்கு வழிச்சாலையில் கணவருக்குப் பின்னால் பைக்கில் உட்கார்ந்து போனவர். லாரி மோதியது; இவர் பிழைத்தார், அவர் பிழைக்கவில்லை. எட்டு மாதமாக ஏர்ஹாரன் கேட்டாலே உடம்பு உதறுகிறது. பாண்டி கோயில் கயிறு, கோரிப்பாளையம் தர்காவில் ஓதிய தண்ணீர் எல்லாம் ஆகிவிட்டது. கடைசியில் மகன் இங்கே கூட்டி வந்தார். "கண்ணை ஆட்டி ஞாபகத்தையே அழிச்சிருவாக" என்று யாரோ பயமுறுத்தி வேறு அனுப்பியிருக்கிறார்கள். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். கேள்வியை மாற்றவில்லை.

ஈ.எம்.டி.ஆர். என்கிற இந்தக் கண்ணசைவு சிகிச்சை ஞாபகத்தை அழிப்பதில்லை. 1987இல் அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷப்பீரோ பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் இங்குமங்கும் ஓட ஓட, மனதை அரித்த எண்ணங்களின் வேகம் தணிவதைக் கவனித்தார். 1989இல் முதல் ஆய்வை வெளியிட்டார். 2013இல் உலக சுகாதார நிறுவனமும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்புக்கு இதைப் பரிந்துரைத்தது.

பார்ப்பதற்கு ரொம்பச் சாதாரணமாக இருக்கும். அந்த நாளின் மிக மோசமான காட்சியை மனதில் பிடித்துக்கொண்டு, இடதும் வலதுமாகப் போகும் என் விரல்களைக் கண்ணால் பின்தொடர வேண்டும். ஏறக்குறைய அரை நிமிடம். நிறுத்தி, மூச்சு விட்டு, "இப்ப என்ன வருது?" என்பேன். மறுபடியும் தொடர்வோம். வேதனை எவ்வளவு என்று 0 முதல் 10 வரை அவரே எண் சொல்வார். ஆனால் முதல் நாளே விரலைத் தூக்க மாட்டேன். தாங்கும் தெம்பு இருக்கிறதா, வீட்டில் துணை யார் என்று பார்க்கவே ஓரிரு அமர்வுகள் போய்விடும்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதில் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. எனக்குச் சரியாகப் படும் விளக்கம் இதுதான்: நம் மனதின் 'வேலை மேசை' சிறியது. டவுன்ஹால் ரோட்டு நெரிசலில் வண்டி ஓட்டிக்கொண்டே நேற்றைய சண்டையை முழுசாக நினைத்துப் பாருங்கள், முடியாது. அப்படித்தான், கண்ணும் கவனமும் விரலோடு ஓடும்போது காட்சிக்குக் கிடைக்கும் இடம் குறைந்து, நிறம் மங்குகிறது. மங்கிய வடிவத்திலேயே அது திரும்பப் பதிகிறது என்பது ஊகம். மனக்கணக்குப் போட வைத்தும் ஆய்வுக்கூடங்களில் இதே மங்கலைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே என் விரலில் மந்திரம் ஒன்றும் இல்லை.

ஞாபகம் சிசிடிவி பதிவு அல்ல, எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் நெகிழும். கண்ணசைவு செய்தவர்கள் தவறான தகவலை எளிதில் ஞாபகமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று 2018இல் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு அதே ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. இருந்தாலும் நான் ஜாக்கிரதை. விபத்து இழப்பீடு, பாலியல் குற்றம் என்று வழக்கு இருந்தால், "முதல்ல வக்கீல்கிட்ட பேசுங்க, நடந்ததை எழுதி வச்சுக்கங்க" என்பேன். இந்த அம்மாவும் அப்படித்தான், வாக்குமூலம் கொடுத்துவிட்டே உட்கார்ந்தார். "சின்ன வயசுல எனக்கு என்னமோ நடந்திருக்கு மேடம், கண்ணை ஆட்டிக் கண்டுபிடிங்க" என்று வந்த இளைஞரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். புதைந்ததைத் தோண்டும் கருவி அல்ல இது. யூடியூபில் ஓடும் புள்ளியைப் பார்த்துத் தனியாகச் செய்வதும் வேண்டாம். கிளம்பிய காட்சியை அடக்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. அமர்வு முடிந்த ஓரிரு நாள் கனவும் எரிச்சலும் கூடலாம், வீட்டாரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். வலிப்போ கண் கோளாறோ இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கண்ணுக்குப் பதில் முழங்காலில் மாற்றி மாற்றித் தட்டியும் செய்யலாம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416க்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

நான்காவது அமர்வில் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அதுவரை கணவரை நினைத்தாலே தார் ரோட்டில் கிடந்த ஒற்றைச் செருப்புதான் வரும், முகம் வராது. "இப்ப வெத்தலை போட்டுக்கிட்டு வாசல்ல சிரிக்கிறாக" என்றார்.

"லாரி?"

"அது இருக்கு. தள்ளி நிக்குது."

அழுதார், வெகுநேரம். ஏர்ஹாரன் கேட்டால் இப்போதும் தோள் இறுகுகிறதாம். ஆனாலும் சந்தைக்குப் பஸ்ஸில் தனியாகப் போய் வருகிறார்.