எஃப்எம்பி பிரிண்ட் எடுக்கிறீர்களா? ஒரு ஸ்கேலும் எடுத்து வையுங்கள்

நீடாமங்கலத்தில் பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். பட்டா, சிட்டா, வில்லங்கம், பயிர்க் காப்பீடு, பிள்ளைகளின் ஹால் டிக்கெட் என்று எதையும் பிரவுசரில் திறந்து பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எழுத்து தெளிவாக விழுந்தால் பிரிண்ட் சரி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். போன ஐப்பசியில் ஒரு பெரியவர் வந்து போன பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அவர் கையில் ஒரே புல எண்ணுக்கு இரண்டு எஃப்எம்பி தாள், அதாவது வயலின் எல்லைக் கோடுகளையும் அவற்றின் நீளத்தையும் காட்டும் சர்வே படம். ஒன்று என் கடையில் எடுத்தது, இன்னொன்று அவர் தம்பி வேறு ஊரில் எடுத்தது. "ஏம்மா, ஒரே வயலுக்கு கவர்மென்ட்ல ரெண்டு படமா போட்டு வெச்சிருக்காங்க? உன் தாள்ல ஸ்கேல் வெச்சா தம்பி பங்கு நாப்பது மீட்டர்தான் வருது. அவன் தாள்ல நாப்பத்திரண்டரைக்கு மேல காட்டுது. ரெண்டரை மீட்டரை வளைச்சுட்டான்னு நான் சொல்றேன், நான் பொய் சொல்றேன்னு அவன் சொல்றான்" என்றார். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்று இருபது நாளாகியிருந்தது.

இரண்டு தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். வாய்க்கால் ஓர மூலை பொருந்தியது. அங்கிருந்து போகப் போக இரண்டு கோடும் விலகிக்கொண்டே வந்து, எதிர் மூலையில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நின்றன. படத்தின் அளவு 1:1000. அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர், வயலில் ஒரு மீட்டர். தம்பி பங்கின் கோட்டுக்கு மேலே 42.6 என்று பொடி எழுத்தில் இரண்டு தாளிலும் இருந்தது. பெரியவர் கண்ணுக்கு அது பிடிபடவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தே பழகியவர். என் தாளில் அந்தக் கோடு 40 மில்லிமீட்டர்தான் இருந்தது.

தப்பு என் கடையில்தான். அதற்கு முந்தின வாரம் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் புதிதாகப் போட்டிருந்தோம். நாடு என்ற இடத்தில் அமெரிக்கா என்றே விட்டுவிட்டதால், பிரிண்டரும் பேப்பர் சைஸை லெட்டர் என்று எடுத்துக்கொண்டது. ட்ரேயில் இருந்ததோ நாம் எல்லோரும் பயன்படுத்தும் ஏ4. ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 உயரம். லெட்டர் கிட்டத்தட்ட 216 அகலம், 279 உயரம். 297-ஐ 279-க்குள் அடக்க, பிரவுசர் மொத்தப் படத்தையும் 94 சதவீதமாகச் சுருக்கிவிட்டது. தாளின் ஒரு ஓரத்தில் ஒரு விரற்கடை வெள்ளை அதிகமாக இருந்ததை நானும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை.

ஆறு சதவீதம்தானே என்று விட முடியாது. நீளத்திலும் ஆறு, அகலத்திலும் ஆறு குறைந்தால் பரப்பு 88 சதவீதம்தான் மிஞ்சும். ஒரு ஏக்கரை, நம் பக்கத்துக் கணக்கில் மூன்று மாவை, அந்தத் தாளில் அளந்தால் பதினொன்றரை சென்ட்டுக்கு மேல் காணாமல் போயிருக்கும். ஒரு மாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூடுதல்.

அதனால் எஃப்எம்பி எடுக்கும்போது பிரிண்ட் பட்டனை அழுத்துவதற்கு முன் மோர் செட்டிங்ஸைத் திறக்கச் சொல்லுங்கள். பேப்பர் சைஸ் ஏ4 என்று இருக்க வேண்டும். அங்கேயே 'ஸ்கேல்' என்று இருக்கும் தேர்வில் 'ஃபிட்' என்று தொடங்கும் எதுவும் வேண்டாம். குரோமில் கஸ்டம் வைத்து 100 போடலாம், எட்ஜில் ஆக்சுவல் சைஸ், ஃபயர்ஃபாக்ஸில் ஸ்கேல் 100. 'ஃபிட் டு பிரிண்டபிள் ஏரியா' பார்ப்பதற்கு நல்லதாகத்தான் தெரியும். ஆனால் பெரும்பாலான பிரிண்டர்கள் தாளின் விளிம்பில் நாலைந்து மில்லிமீட்டர் அச்சடிக்காது. அந்த ஓரத்துக்குப் பயந்து அது படத்தை 96 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிடும். பிரிண்டரின் சொந்த செட்டிங்ஸிலும் ஒரு ஃபிட் டு பேஜ் உண்டு. இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் சுருங்கியது மறுபடியும் சுருங்கும். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் பிரிண்ட் பெட்டி வரும். அங்கே பிரிண்டரின் செட்டிங்ஸைப் பார்க்கலாம்.

100 வைத்தால் படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறதா? ஃபிட் வைத்தே எடுங்கள், ஆனால் 'அளவுக்கு ஏற்றதல்ல' என்று தாளின் மூலையில் பேனாவால் எழுதிவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் கொடுக்கிறேன்.

தாள் சரியா என்று பார்க்க அந்தத் தாளே போதும். மீட்டர் எண் எழுதிய ஒரு நீளமான கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1:1000 படத்தில் 42.6 என்று போட்டிருந்தால் ஸ்கேலில் 42.6 மில்லிமீட்டர் வர வேண்டும். 1:2000 என்றால் அதில் பாதி. வரவில்லை என்றால் அந்தத் தாளை வைத்து எதையும் அளக்காதீர்கள். சரியாக வந்தாலும் கோட்டின் மேல் எழுதிய எண்தான் கணக்கு. வரப்பு எங்கே என்று சொல்ல வேண்டியவர் சர்வேயர்.

"எழுத்து சின்னதா இருக்கு, பெருசு பண்ணி எடும்மா" என்று பலர் கேட்கிறார்கள். திரையில் ஜூம் செய்வது திரைக்கு மட்டும்தான். பிரிண்டின் அளவு அதனால் மாறாது.

சிட்டாவுக்கு வேறு கவலை. பிரவுசரில் வலைப்பக்கமாகத் திறந்து எடுத்தால், அகலமான அட்டவணையின் வலது ஓரம், அதாவது குறிப்புரைகள் பத்தி, வெட்டுப்படலாம். சரிபார்க்கும் குறிப்பு எண் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடுவதும் உண்டு. ஒரு பக்கக் காசை மிச்சம் பிடிக்க அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சிட்டாவில் யாரும் ஸ்கேல் வைத்து அளக்கப் போவதில்லை, ஆகவே 80, 85 என்று சுருக்கி ஒரே பக்கத்தில் எடுப்பதில் தப்பில்லை.

வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "இதை பிரிண்ட் போடுங்க" என்று கேட்பவர்களுக்கு எஃப்எம்பி மட்டும் நான் எடுத்துத் தருவதில்லை. ஸ்கிரீன்ஷாட்டுக்கு நூறு சதவீதம் என்று ஒன்று கிடையாது. பிடிஎஃப் கோப்பை டாக்குமென்டாக அனுப்புங்கள், போதும்.

பெரியவருக்குப் புதுத் தாள் எடுத்து, அவர் ஸ்கேலாலேயே அளக்கச் சொன்னேன். 42.6. இரண்டு தரம் அளந்தார். பழைய தாளை நான் கேட்டு வாங்கிக் கிழித்தேன். தம்பியிடம் ஃபோனில் நானே பேசி, தப்பு அண்ணன்மேல் இல்லை, என் மெஷின்மேல் என்று சொன்னேன். அந்த வாரம் என் கடையில் எஃப்எம்பி எடுத்தவர்கள் ஒன்பது பேர். ஏழு பேர் வந்து மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற இருவரும் கோவில்வெண்ணிப் பக்கம் என்று மட்டும் ஞாபகம். இதைப் படித்தால் பழைய தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள், காசு வேண்டாம்.